தேவகி பால் காய்ச்சிய அறை

ஓய்வு பெற்றுவிட்டால் போன் அடிக்காது என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் காலையில் அடித்தவள் நிர்மலா. திருத்தணி வட்டாரத்தில் மனநலப் பிரிவின் சமூகப் பணியாளராக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், ஒரு பையனுக்கு வாடகைக்கு ரூம் தேடறோம். இப்பல்லாம் புரோக்கர் போன்லயே ஒரு படிவம் அனுப்பறாரு. அதுல ஒரு கேள்வி. 'குடியிருக்கப் போறவங்களுக்கு மனநலப் பிரச்சினை உண்டா, ஆம், இல்லை.' எதை அழுத்தறது? ஆம்னா வீடு கெடைக்காது. இல்லைன்னா பொய்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். "அந்தக் கேள்வியை வெச்சவனுக்கு மூலம் இருக்குதா, இல்லையான்னு ஒரு கேள்வி வெக்கச் சொல்லு முதல்ல" என்று கத்திவிட்டேன். அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நிர்மலா சிரித்து முடித்து, "சரிங்க மேடம், இப்ப எதை அழுத்தறது?" என்றாள். நல்ல பிள்ளை, விடமாட்டாள். அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேவகி என்ற பெயரை அவளே தேர்ந்தெடுத்தாள். "நல்லா இருக்கணும்க்கா, படிக்கறவங்க மனசுல நிக்கணும்" என்று இரண்டு நாள் யோசித்துச் சொன்னாள்.

சென்னையில் நான் படித்த படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புத்தகம் கனமாக இருந்தது, ஹாஸ்டல் சாம்பார் தண்ணியாக இருந்தது. வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஜோதிலிங்கம் சார்தான். எனக்கு மேலதிகாரி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு, கையில் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. வாடகை வீட்டுப் பிரச்சினை என்று எந்த வீட்டுக்காரரைப் பார்க்கப் போனாலும் வாசலில் நின்று முதலில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்பார். தாகம் இருக்காது. வழியில்தான் குடித்திருப்போம். "தண்ணி குடுத்த கையோட யாரும் உடனே சண்டைக்கு வர மாட்டாங்கம்மா" என்பார். வீட்டுக்காரர் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். தெலுங்குக்காரர் என்றால் தெலுங்கில் பேசுவார், ஆந்திராவின் நகரிப் பக்கத்து ஆட்களே இவர் எந்த ஊர் என்று கேட்பார்கள்.

அவருக்கு ஒரு கட்டாய விதி இருந்தது. நோயின் பெயரை வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் செய்வது என்று எனக்கு மண்டை காயும். கனகம்மாசத்திரத்தில் ஒரு பையனுக்கு வீடு கேட்டுப் போனபோதுதான் பார்த்தேன். வீட்டுக்காரர் நேராகவே கேட்டார்.

"அந்தப் பையனுக்கு இன்னா வியாதிங்க?"

சார் தண்ணீரைக் குடித்து முடித்தார். "உங்களுக்குச் சர்க்கரை எவ்ளோ இருக்குதுங்க?"

"அத எதுக்குங்க நான் உங்களுக்குச் சொல்லணும்?"

"ஆங். அதேதாங்க."

அந்த மனிதர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, சாவியை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் சிரித்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். மணவூரில் ஒருவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். சார் காலி டம்ளரோடு வெளியே நின்றார். அதை ஜன்னல் ஓரம் பத்திரமாக வைத்துவிட்டு ரயிலுக்கு நடந்தோம். நான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். "அவரு கெட்டவரு இல்லம்மா, பயந்துட்டாரு" என்றார் சார். எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை.

இப்போது தேவகிக்கு வருகிறேன். பொதட்டூர்பேட்டைக்காரி. நெசவுக் குடும்பம். அண்ணன்மார் இருவரும் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி போட்டிருந்தார்கள். அவளுக்கு மனச்சிதைவு. காதில் குரல்கள் கேட்கும். மாத்திரையில் அவை அடங்கிவிட்டன, ஆனால் தறி ஓடும்போது மட்டும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே யாரோ அவள் பேரைச் சொல்லித் திட்டுவதுபோல் மறுபடி கிளம்பிவிடும். அண்ணன்கள் பாசக்காரர்கள்தான். ஆனால் தறியை நிறுத்தினால் சோறு ஏது? "எனக்குச் சத்தமில்லாத ஒரு ரூம் போதும்க்கா. லுங்கி மூட்டியே பொழைச்சுக்குவேன்" என்றாள். நெய்த துணியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து லுங்கி ஆக்கும் வேலை. மெஷின் அவளிடமே இருந்தது. துணி ஊரிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடும். அவளுக்கு வேண்டியது நான்கு சுவரும் ஒரு தாழ்ப்பாளும்தான்.

வீடு பார்க்கப் போகும்போது குடியிருக்கப் போகிறவர் முன்னால் நடக்க வேண்டும், நாம் பின்னால். இது சாரின் பாடம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத்தான் பேசுவார், "இந்தம்மா சமைக்குமா? இந்தம்மா கதவைச் சாத்துமா?" என்று. அப்போது நான் பதில் சொல்லக்கூடாது. தேவகியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவருக்கும் வேறு வழியில்லாமல் கண் அவள் பக்கம் போகும். அவள் பதில் சொல்வாள். தேவகிக்கும் ஒரு முறை இருந்தது. உள்ளே போனதும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து நிற்பாள். பக்கத்தில் மாவு மில்லோ மோட்டாரோ ஓடினால் கைக்குத் தெரிந்துவிடுமாம். இப்படி எத்தனையோ சுவரைத் தொட்டுவிட்டு, திருத்தணி மலையடிவாரத்துக்குப் பின்தெருவில் ரத்தினம் நைனாவின் வரிசை வீட்டுக்கு வந்தோம். ரத்தினம் நைனா தெலுங்குக்காரர், ஒண்டிக்கட்டை, பழைய லாரி டிரைவர், வாய் கொஞ்சம் நீளம்.

"ராத்திரியில கத்துமா? கூட யாராச்சும் வந்து போவாங்களா?" என்றார் என்னைப் பார்த்து. நான் தேவகியைப் பார்த்தேன்.

"கத்த மாட்டேன் நைனா. மெஷின் சத்தம் வரும், எட்டு மணிக்கு மேல ஓட்ட மாட்டேன்" என்றாள். அவள் கை சுவரில் இருந்தது. முகம் மலர்ந்திருந்தது. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாயிற்று.

குடிபோகிற அன்று பால் காய்ச்ச வேண்டும், பக்கத்து வீட்டில் ஒருவரையாவது கூப்பிட வேண்டும். அதுவும் சாரின் விதி. ஒரு டம்ளர் பால் குடித்தவர்கள் மறுநாள் 'யார் இவள்' என்று கேட்க மாட்டார்களாம். பால் வாங்கி வருகிற பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த வெயிலில், கூட்டமான பஸ்ஸில், பையின் அடியில் பாலை வைத்துக்கொண்டு வந்தால் அது என்ன ஆகும்? அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் திரிந்து நின்றது. பொங்கி வழிய வேண்டிய பால். ரத்தினம் நைனாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து அறை சரோஜா கன்னத்தில் கை வைத்துவிட்டாள்.

தேவகி மட்டும் அசரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தாள், வெல்லத்தைத் தட்டிப் போட்டாள், கிளறு கிளறென்று கிளறினாள். ஆளுக்குக் கொஞ்சம் தட்டில் வைத்து நீட்டினாள். ரத்தினம் நைனா சந்தேகமாக வாயில் போட்டவர், தட்டை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குதாமா?" என்றார்.

ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வரிசையில் நின்ற ரத்தினம் நைனா, எங்கள் மனநலப் பிரிவு வாசலில் மாத்திரைக்கு நின்ற தேவகியைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே, "நீ வேற வீடு பாத்துக்க" என்றார். அடுத்த நாள் அவள் அறைக்கு மட்டும் கரண்ட் இல்லை.

தேவகி ஓடிவந்து என் மேஜை முன்னால் நின்றாள். அழவில்லை. "மறுபடியும் தறிச் சத்தத்துக்குப் போனா நான் தேற மாட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னது மிகையில்லை. அண்ணன்கள் வீட்டில் இருந்தபோதுதான் அவள் இரண்டு முறை வார்டுக்கு வந்திருந்தாள். அந்த அறை போனால் போவது அறை மட்டுமில்லை.

நானும் சாரும் போனோம். சார் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு தெலுங்கில் மெல்லப் பேசினார், எனக்குப் புரிய நடுநடுவே தமிழில். வாடகைக்கு இருப்பவரை நினைத்தபோது வெளியே தள்ள முடியாது. சட்டம் சொல்கிற காரணம் ஒன்று வேண்டும், வாடகைக் கோர்ட்டு உத்தரவு வேண்டும். மாத்திரை சாப்பிடுவது அந்தக் காரணங்களில் இல்லை. கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தி விரட்டுவது தப்பு. அதற்கு அதிகாரியிடம் மனு கொடுத்தால் அவர் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்.

"மனுவை எழுதிட்டேன் நைனா. குடுக்க மனசு வரல. நீங்க தண்ணி குடுத்தீங்களே" என்றார் சார்.

ரத்தினம் நைனா முணுமுணுத்துக்கொண்டே போய் ஃபியூஸைப் போட்டார். தேவகியின் அறையில் ஃபேன் சுற்றியது. ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்தேன். சார் குதிக்கவில்லை. "சும்மா இருக்க மாட்டாரு, பாத்துக்க" என்றார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் வீட்டுக்காரரின் சொந்தபந்தங்களுக்குக் குடியிருப்பவர்கள் தங்கள் அறையை விட்டுக் கொடுப்பார்கள். சிலர் மொட்டை மாடியில் படுப்பார்கள், சிலர் ஊருக்குப் போய்விட்டுக் கூட்டம் கலைந்ததும் வருவார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. சாமி காரியம். ரத்தினம் நைனாவும் தேவகியிடம் தேனாகப் பேசினார். "நகரியிலேர்ந்து எங்க அக்கா வருது, பாவா புஷ்பக் காவடி எடுக்கறாரு. மூணு நாளு ஊருக்குப் போயிட்டு வாம்மா." அவளும் பையைக் கட்டிவிட்டாள்.

சரோஜாதான் எனக்குப் போன் போட்டாள். "மேடம், நைனா புதுசாப் பூட்டு வாங்கினு வந்து வெச்சிருக்காரு. தேவகி பஸ் ஏறினதும் மாட்டிடுவாராம். அப்புறம் அது எப்டி உள்ள வரும்?"

நான் அரக்கப் பரக்க ஓடினேன். சார் பின்னாலேயே குடையோடு வந்தார். தேவகி பையோடு வாசலில் நின்றிருந்தாள். பூட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

"காவடி எடுத்துகினு வர்றவங்களுக்கு எடம் இல்லன்னு என் வாயால எப்டிக்கா சொல்றது? முருகன் கேக்க மாட்டாரா?"

"முருகனுக்கு மலை மேல சொந்த வீடு இருக்குதுடி! உனக்கு இருக்கறது இந்த ஒரு ரூம்" என்று கத்தினேன்.

சார் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "யாரு இல்லன்னு சொல்லச் சொன்னது? குடு. தாராளமாக் குடு. நீ மட்டும் போகாத. உன் வீட்டுக்கு விருந்தாளிங்க வராங்க, அவ்ளோதான். சாவி உன் இடுப்புல இருக்கட்டும்."

தேவகி பையைக் கீழே வைத்தாள். பிறகு பையைப் பிரித்துப் பாயை எடுத்து உதறினாள். ரத்தினம் நைனாவிடம் அவளே போய், "அக்காவ என் ரூம்லயே எறங்கச் சொல்லுங்க நைனா, நான் பாத்துக்கறேன்" என்றாள். சாமி காரியத்துக்கு ஒருத்தி இடம் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கிருத்திகை அன்று நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். தெரு முழுக்க மஞ்சள் துணி, பூ வாசனை, அரோகரா. நைனாவின் அக்கா ராஜம்மா வாட்டசாட்டமான மனுஷி, வந்ததுமே அதிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டார். தேவகி வெந்நீர் போட்டாள், பூவுக்கு நார் கிழித்துக் கொடுத்தாள், விருந்தாளிகளை நன்றாகவே கவனித்தாள். மாத்திரையும் தவறவில்லை. ஆனால் விடிந்ததிலிருந்து முற்றத்தில் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரில் கை வைக்கவே வேண்டாம், தரையே அதிர்ந்தது. அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

மத்தியானம் முற்றத்தில் காவடியைத் தோளில் வைத்ததும் நைனாவின் பாவாவுக்கு, அதாவது ராஜம்மாவின் கணவருக்கு, அருள் வந்துவிட்டது. ஆடினார், அலறினார், தெருவே கேட்க என்னென்னவோ சொன்னார். ரத்தினம் நைனா கற்பூரத்தோடு அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பாவாவை ஒருவழியாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பம்பை மட்டும் நிற்கவில்லை. அப்போது அறைக்குள்ளிருந்து தேவகி கத்தினாள்.

"நிறுத்துங்கடா! என் பேரைச் சொல்லாதீங்கடா!"

பம்பை நின்றது. எல்லாரும் அறையைப் பார்த்தார்கள். ரத்தினம் நைனா துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா மேடம்? இதுக்குத்தான் சொன்னேன்! இன்னைக்கே காலி பண்ணணும்!"

சட்டமெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அறை வாசலை மறித்து நின்றேன், அவ்வளவுதான். பேசியது ராஜம்மாதான், கணவருக்கு விசிறிக்கொண்டே.

"ஏன்டா ரத்தினம், இப்பத்தான் உங்க பாவா இதவிடச் சத்தமாக் கத்துனாரு. அவரு கால்ல கற்பூரம் ஏத்துன. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கத்துனா காலி பண்ணணுமா?"

"அது வேற, இது வேற அக்கா!"

"ஆங், வேறதான். அவரு கத்துனா உனக்குப் பயமில்ல. புதுப் பூட்டு எங்கடா வெச்சிருக்க? சரோஜா எல்லாம் சொல்லிட்டா." பம்பைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "பம்பைய எடுத்துகினு தெருமுனைக்குப் போங்கப்பா. சாமிக்குக் காது நல்லாவே கேக்கும்."

பம்பை தெருமுனைக்குப் போனது. நான் அறைக்குள் போனேன். ராஜம்மாவும் வந்தார். தேவகி சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராஜம்மா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். ரொம்ப நேரம் கழித்துத் தேவகி கையை எடுத்தாள். "வெந்நி ஆறிப்போயிருக்கும் பெரியம்மா, திருப்பி வெக்கட்டுமா?" என்றாள்.

அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப் போனேன், மாத்திரையைக் கொஞ்சம் மாற்றினார், பத்து நாளில் சரியானாள். அறை அவளிடமே இருந்தது. புதுப் பூட்டை ராஜம்மா மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்று நகரிக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்த கிருத்திகைக்கு முன்பே, "நான் தேவகி ரூம்லதான் எறங்குவேன்" என்று தம்பிக்குத் தகவல் சொல்லியனுப்பிவிட்டார்.

நான் சாரிடம் போய், "ராஜம்மாவே அவ பக்கம் சார், இனிமே அந்த ரூமை யாரும் அசைக்க முடியாது" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ராஜம்மா நல்ல மனுஷி. சரி. அவங்க வரலேன்னா? தேவகி வெந்நி போடலேன்னா? இன்னும் நாலு தடவ கத்தியிருந்தா? அப்பவும் அந்த ரூம் அவளுதுதாம்மா. நல்ல பேரு வாங்கினாத்தான் வீடுன்னா, நீயும் நானும் எந்த வீட்டுல இருப்போம்?"

அந்தப் பேச்சை இத்தனை வருஷமாக நான் மறக்கவில்லை. நிர்மலாவுக்கும் அதையே சொன்னேன். ஆமும் வேண்டாம், இல்லையும் வேண்டாம். அந்தக் கேள்வியை அப்படியே விடு. பையனை முன்னால் நடக்கவிட்டு நேரில் போ, தண்ணீர் கேள்.

எங்கே போவது என்பதற்கு வழியும் தானாகவே வந்தது. முந்தாநாள் ரத்தினம் நைனாவே எனக்குப் போன் போட்டார். "மேடம், மாடி ரூம் காலியாவுது. உங்க ஆஸ்பத்திரி ஆளுங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க. வாடகை ஒழுங்கா வருது, வம்பு தும்பு இல்ல." எனக்குத் தலை சுற்றியது. நேற்று நிர்மலா அந்தப் பையனைக் கூட்டி வந்தாள், வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

படிக்கட்டில் இன்னும் காலே வைக்கவில்லை. தேவகி தன் வாசலில் வழிமறித்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா. சாவி இன்னமும் இடுப்பில். பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"யாருக்கா இவரு? ராத்திரியில கத்துவாரா? கூட யாராச்சும் வந்து போவாங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்டி, நீ கேக்கற கேள்வியா இது?"

"என் தலைக்கு மேலதானேக்கா நடக்கப் போறாரு? கேக்கக் கூடாதா?"

நான் சாரை நினைத்துக்கொண்டேன். "நீ தெனமும் எத்தனை மாத்திரை போடற?" என்றேன்.

"அத எதுக்குக்கா நான் உங்களுக்குச் சொல்லணும்?"

"ஆங். அதேதான்."

ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள், ரத்தினம் நைனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியை விட்டாள். பையனைப் பார்த்து, "போங்க தம்பி, போயி சுவத்துல கைய வெச்சுப் பாருங்க. புடிச்சிருந்தா நாளைக்கே பால் காய்ச்சிடலாம். என்னைக் கூப்பிடுங்க" என்றாள்.

பையன் மேலே போனான். தேவகி என் பக்கம் திரும்பினாள்.

"பாலை நான் வாங்கிக்கறேன். நீங்க மட்டும் வாங்கினு வராதீங்கக்கா."